பெருந்தொற்றுக் காலத்தில் இடைநிலைப்பள்ளியை நேரடி வகுப்புக்குத் திறப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பினாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். கோவிட் காலத்தில் எங்கள் பள்ளி மூன்று முறை மூடித் திறந்தது. 2020 ஜூன் 24 அன்று தேர்வு வகுப்புகளுக்கு மட்டும், 2021 ஏப்ரல் 5 அன்று எல்லாருக்கும், 2021 அக்டோபரில் பாதிப் பாதியாக. மூன்று முறையும் பணிக்குழுச் செயலாளர் வேலை என் தலையில்தான் விழுந்தது.

முதல் முறை வரிசையைத் தலைகீழாகப் பிடித்தோம். வெப்பமானி வாங்கினோம், கைத்தூய்மி வாங்கினோம், தரையில் மஞ்சள் நாடா ஒட்டினோம். நேர அட்டவணையைத் தொட்டது கடைசியில்தான். விளைவு, வாயிலில் பத்தடிக்கு ஒருவராக நின்ற பிள்ளைகள் பத்தரை மணி ஓய்வில் ஒரே கூட்டமாக நின்றார்கள். புதிதாக மாற்றலாகி வரும் ஆசிரியர்களைப் பணிக்குழுவில் போட்டால் அவர்களும் கடைப் பட்டியலோடுதான் வருகிறார்கள்.

வாங்குவது சுலபம். யார், எங்கே, யாரோடு, எவ்வளவு நேரம் ஒரே காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்பதை ஒழுங்குபடுத்துவதுதான் வேலை. கீழே உள்ள வரிசை அதற்கானது. இன்ஃபுளுவன்சா பரவி வகுப்புகள் மூடும் நிலை வந்தாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும். திறப்பதற்கு முன் முழுதாக இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கல்வி அமைச்சின் சுற்றறிக்கையும் சுகாதார அமைச்சின் எஸ்.ஓ.பி.யும் (நடைமுறை விதிகள்) முதலில் வேண்டும். இரண்டையும் அச்சிட்டு, தேதியை மேலே பெரிதாக எழுதுங்கள். விதி வாரத்துக்கு ஒருமுறை மாறும் காலம் அது. பழைய தாளை வைத்துக்கொண்டு பெற்றோரிடம் வாதாடிய அனுபவம் எனக்கு உண்டு.

அடுத்தது மாணவர் விவரம். பெயர்ப் பட்டியல் மட்டும் போதாது. ஒவ்வொரு மாணவருக்கும் ஐந்து பதில் வேண்டும்: பள்ளிக்கு எப்படி வருகிறார், அண்ணன் தங்கை யாராவது இதே பள்ளியில் படிக்கிறார்களா, வீட்டில் முதியவரோ நோயாளியோ இருக்கிறார்களா, வீட்டில் பாடத்துக்கு எத்தனை திறன்பேசி இருக்கிறது, பகலில் அழைத்தால் எடுக்கக்கூடிய எண் எது.

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நிற்கும் பெற்றோர் பலர். உள்ளே திறன்பேசிக்கு அனுமதி இருக்காது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காலை ஒன்பதுக்கு அழைத்தால் இரவு எட்டுக்குத்தான் பார்ப்பார்கள். அதனால் இரண்டாவது எண்ணாகப் பாட்டியோ, அத்தையோ, பக்கத்து வீட்டாரோ இருக்க வேண்டும்.

இந்த விவரங்களைக் கூகள் படிவத்தில் மட்டும் கேட்பது வழக்கமான தவறு. படிவம் மலாயில் போகும், புலனக் குழுவில் (வாட்ஸ்அப்) கீழே புதைந்துவிடும், பாதிப் பேர் பதில் தருவார்கள். அந்தப் பாதி பெரும்பாலும் எந்தச் சிக்கலும் இல்லாத வீடு. நமக்கு வேண்டியது மற்றப் பாதி. வகுப்பாசிரியர் ஒவ்வொருவரும் பதில் வராத வீடுகளை மட்டும் அழைத்தால் இரண்டு மாலையில் முடிந்துவிடும். தமிழ்க் குடும்பங்களை நான் அழைத்தேன். “பிள்ளய அனுப்பலாமா டீச்சர்?” என்ற கேள்விக்கு நின்று பதில் சொன்ன பிறகுதான் மற்ற விவரங்கள் கிடைத்தன.

## 2. பள்ளியை நடந்து அளந்து பாருங்கள்

அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடம் பார்க்காதீர்கள். ஓர் அளவு நாடா, ஒரு தாள், ஒரு பேனா. கூடவே தோட்டக்காரரையோ ஜாகாவையோ (காவலாளி) அழைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சன்னல் திறக்காது என்று அவருக்குத்தான் தெரியும்.

முதலில் இடம். எங்கள் வகுப்பறைகள் 9 மீட்டர் நீளம், 7.5 மீட்டர் அகலம். பலகைக்கும் ஆசிரியருக்கும் முன்னால் 2 மீட்டர் விட்டால் 7 மீட்டர் மிஞ்சும். ஒரு மீட்டர் கூடல் இடைவெளி வைத்தால், மேசையோடு சேர்த்து ஒரு மாணவருக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் சதுரம். அகலத்தில் ஐந்து பேர், நீளத்தில் நான்கு வரிசை, ஆக 20 பேர். வகுப்பில் 38 பேர் என்றால் பாதி 19, சரியாக உட்காரும். 44 பேர் இருக்கும் வகுப்பின் பாதிக்கு இடம் இல்லை என்பதும் இந்தக் கணக்கில்தான் தெரியும். திறந்த அன்று காலையில் தெரியக் கூடாது.

அப்புறம் காற்று. இந்தக் கிருமி பெரும்பாலும் காற்றில் பரவுகிறது. மூடிய அறையில் நாற்பது நிமிடம் பேசுவதும் மூச்சுவிடுவதும்தான் ஆபத்து, மேசையைத் தொடுவது அதைவிட எவ்வளவோ குறைவு. நம் பழைய பள்ளிக் கட்டடங்கள் இதற்கு நல்ல வசதி. இரண்டு பக்கமும் சன்னல், ஒரு பக்கம் திறந்த நடைபாதை, மேலே விசிறி. ஆனால் சன்னல் உண்மையில் திறக்கிறதா? நாக்கோ எனப்படும் கண்ணாடிப் பலகை அடுக்கிய சன்னல்களில் பாதி, சாயம் பூசும்போது இறுகிப்போனவை. ஒரு மாடியில் மட்டும் பதினேழு சன்னல்களில் கண்ணாடிப் பலகை அசையவில்லை. கைப்பிடி மாற்ற ஆள் வர ஒரு வாரம் ஆனது. இரண்டு வார அவகாசம் கேட்டது இதற்காகத்தான்.

சன்னல் திறக்கும் அறை, திறக்காத அறை என்று பள்ளியை இரண்டாகப் பிரியுங்கள். குளிரூட்டி மாட்டிய கணினிக்கூடமும் ஒளிக்காட்சி அறையும் இரண்டாம் வகை. அவற்றைப் பூட்டிவிடுங்கள். கதவைத் திறந்து வைத்துக் குளிரூட்டியையும் ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். முதல் நாள் கதவு திறந்திருக்கும், மூன்றாம் நாள் மூடியிருக்கும்.

கரியமில வாயு அளக்கும் சிறு கருவி ஒன்று இருந்தால் நல்லது. வெளிக்காற்றில் ஏறக்குறைய 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) காட்டும். ஆள் நிறைந்த அறையில் 800க்குள் இருந்தால் காற்று நன்றாக ஓடுகிறது. 1000 தாண்டினால் எல்லாரும் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்கிறார்கள் என்று பொருள். மழை பெய்யும்போது கட்டாயம் அளந்து பாருங்கள். பிற்பகல் மழைக்குப் பிள்ளைகள் ஓடிப்போய் எல்லாச் சன்னலையும் சாத்துவார்கள். மழை அடிக்காத நடைபாதைப் பக்கச் சன்னல்களைச் சாத்தக் கூடாது என்று தனியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

## 3. குழு பிரிப்பது

நான் அதிக நேரம் செலவழித்தது இங்கேதான். மற்றப் பள்ளிகள் சறுக்கியதையும் இங்கேதான் பார்த்தேன்.

நோக்கம் எளிது. ஒருவருக்குத் தொற்று வந்தால் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும், அந்த எண்ணும் சிறியதாக இருக்க வேண்டும். 2021 அக்டோபரில் வந்த வாரச் சுழற்சி முறை இதற்கு உதவியது: ஒரு வாரம் பாதிப் பேர் பள்ளியில், மறு வாரம் மற்றப் பாதி.

எந்தப் பாதி? பதிவேட்டு எண் ஒற்றைப்படை ஒரு குழு, இரட்டைப்படை ஒரு குழு என்று பிரிக்கத்தான் எல்லாருக்கும் கை போகும். செய்யாதீர்கள். அண்ணன் முதல் வாரம், தங்கை இரண்டாம் வாரம் என்று ஆகிவிடும். அந்த வீட்டிலிருந்து ஒவ்வொரு வாரமும் ஒருவர் பள்ளிக்கு வருவார். குழு பிரித்ததன் பயனே போய்விடும்.

வீட்டை வைத்துப் பிரியுங்கள். முதலில் உடன்பிறந்தவர்களை ஒரே வாரத்தில் போடுங்கள். அடுத்து ஒரே வேனில் வருபவர்களை. மிச்சம் இருப்பவர்களை வைத்து எண்ணிக்கையைச் சமமாக்குங்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு: மூன்று பிள்ளைகளும் ஒரே வாரம் வீட்டில் இருந்தால் ஒரே திறன்பேசிக்கு மூவரும் அடித்துக்கொள்வார்கள். ஆனாலும் இதையே செய்யுங்கள் என்பேன். திறன்பேசிக்கு மாற்றுவழி உண்டு, ஏழாம் பகுதியில் சொல்கிறேன்.

வேன்காரர்களை முன்கூட்டியே கூப்பிட்டுப் பேசுங்கள். ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: “பாதிப் பிள்ளைங்கதான்னா எண்ணெய்க் காசு யாரு டீச்சர் குடுப்பா?” நியாயமான கேள்வி. ஒரே வேனில் வருபவர்களை ஒரே வாரத்தில் போட்டதும் அந்த வாரம் அவருக்கு வேன் ஓரளவு நிறைந்தது. மற்ற வாரத்துக்கு இன்னொரு வேன்காரரோடு பிள்ளைகளை மாற்றிப் பகிர்ந்துகொண்டார்கள். விதிப்படி இருக்கையில் எத்தனை பேரை ஏற்றலாம் என்பதை எழுத்தில் கொடுங்கள்.

இனி முடிச்சு. தொடக்கப்பள்ளியில் ஒரு வகுப்பு நாள் முழுக்க ஒரே வகுப்பாக இருக்கும். இடைநிலைப்பள்ளியில் அப்படி இல்லை. சமயக் கல்வி நேரத்தில் முஸ்லிம் மாணவர்கள் ஓர் அறை, மற்றவர்கள் நன்னெறிக் கல்விக்கு வேறு அறை. படிவம் 4, 5இல் (பள்ளியின் பத்தாம், பதினோராம் ஆண்டு) விருப்பப் பாடங்களுக்கு இன்னொரு கலைப்பு. தமிழ் வகுப்பு எல்லாவற்றுக்கும் மேல். ஒரு படிவத்தில் ஐந்து வகுப்பு என்றால் இங்கே மூவர், அங்கே எழுவர் என்று ஐந்து வகுப்பிலிருந்தும் பிள்ளைகள் வந்து என் அறையில் உட்காருகிறார்கள். என் வகுப்பில் ஒருவருக்குத் தொற்று என்றால் அந்தப் படிவமே வீட்டுக்குப் போக வேண்டும். முதல் முறை இதை நான் கவனிக்கவே இல்லை, தமிழாசிரியராக இருந்தும்.

நாங்கள் கண்ட வழி இது. நன்னெறி, சமயக் கல்விக்கு வகுப்புகளை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்தோம். 4அ-வும் 4ஆ-வும் ஒரு ஜோடி. இரண்டு வகுப்பின் முஸ்லிம் மாணவர்களும் ஓர் அறை, மற்றவர்கள் அடுத்த அறை. விருப்பப் பாடமும் அறிவியல்கூட நேரமும் முடிந்தவரை அதே ஜோடிக்குள். கலப்பு இரண்டு வகுப்போடு நின்றுவிடும். மூன்றாவது வகுப்பைச் சேர்த்தால் அட்டவணை போடுபவருக்கு வசதிதான், ஆனால் அன்றே கணக்குக் கெட்டுவிடும்.

தமிழுக்கு மூன்று வழி யோசித்தோம். ஒரு படிவத்தின் தமிழ் மாணவர் எல்லாரையும் ஒரே வகுப்பில் போடுவது ஒன்று. அறிவியல், கலை என்று பிரிந்திருப்பதால் நடக்காது. தமிழை முழுக்க இயங்கலைக்கு, அதாவது ஆன்லைனுக்குத் தள்ளுவது இன்னொன்று. முதலில் தியாகம் செய்யப்படும் பாடம் ஏன் எப்போதும் தமிழாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். மூன்றாவதைத்தான் செய்தோம்: தமிழ் வகுப்பு சுவர் இல்லாத திறந்த மண்டபத்தில். 4அ பிள்ளைகள் ஒரு தொகுதி, 4ஆ ஒரு தொகுதி, தொகுதிகளுக்கு இடையே இரண்டு மீட்டர். நாற்காலி எண் நிலையானது. தமிழ் இலக்கியம் எடுத்த ஏழு பேரும் மண்டபத்தின் இன்னொரு மூலையில். பக்கத்துச் சாலை இரைச்சலில் தொண்டை போனது உண்மை. நூறு ரிங்கிட்டுக்குள் ஒரு சிறு ஒலிபெருக்கி வாங்கிக்கொள்ளுங்கள்.

## 4. நேர அட்டவணை

குழு முடிந்த பிறகுதான் அட்டவணை. மாற்றிச் செய்தால் இரண்டையும் மறுபடி செய்ய வேண்டிவரும்.

மாணவர் உட்கார்ந்த இடத்தில் இருக்கட்டும், ஆசிரியர் நடக்கட்டும். மணி அடித்ததும் நடைபாதையில் உருவாகும் நெரிசல் இதனால் பாதியாகக் குறையும். ஓய்வு நேரத்தையும் வீடு திரும்பும் நேரத்தையும் படிவவாரியாகத் தள்ளி வையுங்கள். பத்து நிமிட இடைவெளி போதும்.

காலை, மாலை என இரு பிரிவாக நடக்கும் பள்ளி என்றால் நடுவே அரை மணியாவது அறைகள் காலியாக இருக்க வேண்டும். சன்னலைத் திறந்து விசிறியை ஓடவிட்டால் காற்று மாறிவிடும். காலைப் பிள்ளைகள் போகும் வாயிலும் மாலைப் பிள்ளைகள் வரும் வாயிலும் வேறாக இருக்கட்டும்.

## 5. வாயில்

கணக்கில் தொடங்குங்கள். 450 பேர், ஒரு வெப்பமானி, ஆளுக்கு 8 விநாடி என்றால் 3600 விநாடி, அதாவது ஒரு மணி நேரம். பிள்ளைகள் வருவதோ ஏழிலிருந்து ஏழே கால், ஏழரைக்குள். நான்கு இடத்தில் நின்று பார்த்தால் பதினைந்து நிமிடம். எங்கள் முதல் நாள் ஒரே ஒரு மேசை போட்டிருந்தோம். வரிசை சாலை வரை நீண்டது, வெளியே நின்ற கூட்டம் வகுப்பில் இருக்கப்போகும் கூட்டத்தைவிட நெருக்கம்.

நெற்றியில் காட்டும் வெப்பமானியை வெயிலில் வைத்துப் பயன்படுத்தக் கூடாது. சைக்கிளில் வந்த பையனுக்கு 37.8 காட்டும், மழையில் நனைந்து வந்தவனுக்கு 35 காட்டும். 37.5க்கு மேல் காட்டினால் உடனே திருப்பி அனுப்பாமல் நிழலில் பத்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பாருங்கள். முதல் வாரம் நாங்கள் திருப்பி அனுப்பிய பலர் நடந்து வந்த களைப்பில் சூடாக இருந்தவர்கள்தான்.

உண்மையில் வெப்பமானியைவிடக் கேள்விதான் அதிகம் பிடிக்கும். தொண்டை வலிக்கிறதா, வாசம் தெரிகிறதா, வீட்டில் யாருக்காவது சரியில்லையா? அறிகுறியே இல்லாமல் தொற்றோடு வருபவரை வெப்பமானியால் காண முடியாது. கேள்வி கேட்பவர் கட்டொழுங்கு ஆசிரியராக இருந்தால் எல்லாருக்கும் எல்லாம் நலமாகவே இருக்கும். பிள்ளைகள் உண்மை பேசும் ஆசிரியரை நிறுத்துங்கள்.

முகக்கவரி ஒரு பெட்டி வாயிலில் இருக்கட்டும். ஈரமானது, அறுந்தது, நேற்றைய மூன்றடுக்குக் கவரியை மறுபடி போட்டது என்று தினமும் பத்துப் பேர் வருவார்கள். திட்டாமல் கொடுத்துவிடுங்கள். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்குத் தினம் மூன்று கவரி ஒரு செலவு.

## 6. சாப்பாடு

பள்ளியில் எல்லாரும் முகக்கவரியைக் கழற்றுவது சாப்பிடும்போதுதான். அதனால் பரவ வாய்ப்பு அதிகமான இருபது நிமிடம் அதுதான். வாயிலுக்கு எட்டு ஆசிரியர், சிற்றுண்டிச்சாலைக்கு ஒருவர் என்று போடும் பள்ளிகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

ஒரு ஓய்வுக்கு 150 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 20 விநாடி, நான்கு கடைமுகப்பு. கடைசிப் பிள்ளை கையில் தட்டு வர பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். மிச்ச நேரத்தில் அவன் எதை மெல்லுவான்? அதனால் பொட்டலம். நாசி லெமாக், மீ கோரெங், அவித்த முட்டை என்று நான்கைந்து வகை போதும். முதல் நாளே வகுப்புத் தலைவர் எண்ணிக்கை எழுதிக் கொடுப்பார், மறுநாள் கூடையில் வகுப்புக்கு வரும். சிற்றுண்டிச்சாலை நடத்துபவருக்கும் இது லாபம், மிஞ்சிப் போகாது. அவரைக் கூட்டத்துக்கு அழைக்காமல் முடிவெடுத்தால் முதல் நாளே குழம்பிவிடும்.

எங்கே சாப்பிடுவது? நடைபாதையில், மரநிழலில், பந்து மைதான ஓரத்தில். மழை என்றால் வகுப்பிலேயே, சன்னல் திறந்து, எல்லாரும் பலகையைப் பார்த்தபடி, பேசாமல். பேசாமல் என்பது நடக்காது, தெரியும். முதல் பத்து நிமிடம் பாதிப் பேர், அடுத்த பத்து நிமிடம் மற்றப் பாதி என்று வைத்தபோது ஓரளவு நடந்தது.

நோன்பு மாதத்தை மறக்காதீர்கள். 2021இல் ஏப்ரல் 5 பள்ளி திறந்தது, 13ஆம் தேதி நோன்பு தொடங்கிவிட்டது. சிற்றுண்டிச்சாலை மூடியது, நோன்பு இல்லாத பிள்ளைகள் கழிப்பறைக்கு வெளியே நின்று ரொட்டி தின்றார்கள். அவர்களுக்கென ஒரு காற்றோட்டமான இடத்தை முன்பே ஒதுக்கி, நோன்பு பிடிப்பவர்களுக்கும் சங்கடம் இல்லாதபடி பள்ளியின் பின்பக்கம் வையுங்கள்.

## 7. வீட்டில் இருக்கும் பாதி

சுழற்சி முறையில் பாதிப் பேர் வீட்டில். வகுப்பில் திறன்பேசியை நிறுத்திவைத்து இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பாடம் நடத்தலாம் என்று நினைக்காத ஆசிரியரே இல்லை. நானும் செய்தேன். விசிறி இரைச்சலில் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றும் கேட்காது. முன்னால் இருக்கும் பிள்ளைகள் நீங்கள் திரையோடு பேசுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்று நாளில் விட்டுவிட்டேன்.

வாரத்தை ஓர் அலகாக வைத்துக்கொள்ளுங்கள். விளக்கம், சோதனை, கலந்துரையாடல், பேச்சு எல்லாம் பள்ளி வாரத்தில். வாசிப்பு, கட்டுரை, பயிற்சி வீட்டு வாரத்தில். ஒரே பாடத்தை இரண்டு வாரம் இரண்டு குழுவுக்கும் நடத்துவதால் பாடத்திட்டம் பாதி வேகத்தில்தான் நகரும். அதை முதல்வரிடம் முதல் நாளே சொல்லி, எந்தத் தலைப்பு முக்கியம், எது காத்திருக்கலாம் என்று பாடக்குழுவில் முடிவு செய்யுங்கள். எஸ்.பி.எம். (படிவம் 5 இறுதித் தேர்வு) வகுப்புக்கு இது உயிர்ப் பிரச்சினை.

திறன்பேசி விஷயத்துக்கு வருகிறேன். இல்லிருப்புக் கற்றல் என்றாலே இயங்கலை என்று அர்த்தம் இல்லை. பயிற்றித் தாள்களை வெள்ளிக்கிழமை பள்ளி முடியும்போது கையில் கொடுத்து அனுப்புங்கள். அடுத்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டில் செய்து, திரும்பி வரும் திங்களன்று கொண்டுவருவார்கள். வராதவர்களுக்கு ஜாகா கொட்டகையில் வகுப்பு எழுதிய பெட்டி. வேலை முடிந்து போகும் அப்பா எடுத்துப்போவார். கல்வி அமைச்சின் டெலிமா இணையக் கற்றல் தளத்திலும் அதே தாள் இருக்கட்டும், இருப்பவர்கள் பார்க்கலாம். தாள் மெலிதாக இருக்க வேண்டும், ஒரு பாடத்துக்கு நான்கு பக்கம். ஒன்பது பாட ஆசிரியரும் ஆளுக்கு இருபது பக்கம் கொடுத்த வாரம் ஒன்று எங்களுக்கு இருந்தது.

## 8. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால்

இதைத் திறப்பதற்கு முன் ஒருமுறை நடித்துப் பாருங்கள். உண்மையாகச் சொல்கிறேன், ஒரு மாணவரை வைத்து ஒத்திகை பாருங்கள். நாங்கள் பார்த்தபோது தனிமை அறைச் சாவி யாரிடம் என்று தெரியவில்லை.

தனிமை அறை வாயிலுக்குப் பக்கத்தில், சன்னலோடு, தனிக் கழிப்பறையோடு இருக்க வேண்டும். பெற்றோர் பள்ளிக்குள் நடந்து வராமல் அழைத்துப்போகலாம். பிள்ளையைத் தனியாகப் பூட்டி வைக்காதீர்கள். ஓர் ஆசிரியர் கதவுக்கு வெளியே முகக்கவரியோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கட்டும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய பயம்.

எல்லா வகுப்புக்கும் இருக்கை வரைபடம் இருக்க வேண்டும், அது மாறக் கூடாது. தமிழ், நன்னெறி, அறிவியல்கூடம், வேன் எல்லாவற்றுக்கும். சுகாதார அலுவலகத்திலிருந்து அப்போது கேட்டது இதைத்தான்: அறிகுறி வருவதற்கு இரண்டு நாள் முன்பிலிருந்து, யார் ஒரு மீட்டருக்குள், கால் மணிக்கு மேல் கூட இருந்தார்கள்? வரைபடம் இருந்தால் பத்து நிமிட வேலை. இல்லாவிட்டால் அன்று இரவு பன்னிரண்டு வரை பிள்ளைகளை அழைத்து விசாரித்துக்கொண்டிருப்பீர்கள். எத்தனை நாள் தனிமை என்பதை அந்த நேரத்து உத்தரவைப் பார்த்துச் சொல்லுங்கள், போன மாத நினைவிலிருந்து சொல்லாதீர்கள்.

பெற்றோருக்குப் போகும் செய்தியை முன்பே எழுதி வையுங்கள். பதற்றத்தில் எழுதினால் ஒன்று மறைப்பதுபோல் இருக்கும், அல்லது பிள்ளையைக் காட்டிக்கொடுக்கும். எங்கள் வாசகம் இது:

“படிவம் 4இல் ஒருவருக்குத் தொற்று உறுதியாகியுள்ளது. அவரோடு நெருங்கி இருந்தவர்களின் பெற்றோரை இன்று மாலை 6 மணிக்குள் நாங்களே அழைப்போம். அழைப்பு வராதவர்கள் வழக்கம்போல் பள்ளிக்கு அனுப்பலாம். பெயரைக் கேட்காதீர்கள், ஊகித்துப் பகிராதீர்கள். கேள்வி இருந்தால் வகுப்பாசிரியரை அழையுங்கள்.”

ஆறு மணி என்று எழுதினால் ஆறு மணிக்குள் அழைத்தாக வேண்டும். ஆறேகாலுக்குப் புலனக் குழுவில் பெயர், படம், வீட்டு முகவரி எல்லாம் வந்துவிடும். ஒருமுறை அப்படி வந்தது, அதுவும் தவறான பிள்ளையின் பெயர். அவள் அதன் பிறகு மூன்று வாரம் பள்ளிக்கு வரவில்லை.

## 9. துப்புரவு

சுருக்கமாக. 5 விழுக்காடு ப்ளீச் 20 மில்லியோடு தண்ணீர் 980 மில்லி கலந்தால் போதுமான பலம். அன்றன்று கலக்கவும். கழிப்பறை அமிலத் திரவத்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். கைப்பிடி, மின்விசைப் பலகை, தண்ணீர்க் குழாய் ஆகியவற்றைத் தினம் இருமுறை துடைத்தால் போதும். பள்ளி முழுக்கப் புகை அடிக்கும் பணத்தைச் சன்னல் கைப்பிடிக்கும் சோப்புக்கும் செலவிடுங்கள். கழிப்பறையில் சோப்பு காலியாகாமல் பார்ப்பது ஒருவர் பொறுப்பு என்று பெயர் போட்டு எழுதுங்கள்.

## 10. முதல் இரண்டு வாரம்

முதல் நாள் பாடம் நடத்தாதீர்கள். மாதக்கணக்காகத் திரையில் பெயராக மட்டும் இருந்தவர்கள். சிலருக்கு வீட்டில் சாவு நடந்திருக்கும், அப்பாவுக்கு வேலை போயிருக்கும். நான் ஒரு தாள் கொடுத்து, வீட்டிலிருந்த காலத்தில் கற்றுக்கொண்ட ஒன்றை எழுதச் சொன்னேன். ஒருவன் ரொட்டி சானாய் வீசக் கற்றதை எழுதினான். ஒருத்தி எதுவும் எழுதாமல் கொடுத்தாள். அந்த வெற்றுத் தாளை ஆலோசனை ஆசிரியரிடம் சேர்த்தேன்.

இரண்டாம் வாரப் புதன்கிழமை வருகைப் பதிவேட்டை எடுத்து உட்காருங்கள். அதற்குள் இரு குழுவுக்கும் ஒருமுறையாவது வர வாய்ப்பு இருந்திருக்கும். ஒரு நாள்கூட வராதவர்களைத் தனியாக எழுதுங்கள். பயத்தால் அனுப்பாத பெற்றோர் பெரும்பாலும் கடிதம் கொடுத்திருப்பார்கள், அது வேறு பட்டியல். கடிதமும் இல்லை, அழைப்பும் எடுக்கவில்லை என்பவர்கள் படிவம் 4, 5 பையன்களாகத்தான் இருப்பார்கள். கார் கழுவும் கடை, பாசார் மாலாம் (இரவுச் சந்தை) கடை, உணவு கொண்டுசேர்க்கும் அண்ணனோடு பைக்கில். கையில் காசு பார்த்தவனை வகுப்புக்குத் திருப்புவது வேறு வேலை. எச்சரிக்கைக் கடிதம் அவனைத் திருப்பாது, அவன் அம்மாவைப் பயமுறுத்தும்.

இருவராகப் போங்கள், முன்கூட்டிச் சொல்லிவிட்டு, அவன் வேலை முடியும் நேரம் பார்த்து. கட்டொழுங்கு ஆசிரியரை அழைத்துப்போக வேண்டாம். அவன் தவறவிட்ட பயிற்றித் தாள் கட்டையும் எடுத்துப்போகாதீர்கள். அதைப் பார்த்ததும் இனி எட்டிப் பிடிக்க முடியாது என்று முடிவு செய்துவிடுவான். அவன் எந்த வாரக் குழு, வேன்காரர் எண், அவன் நாற்காலி எது என்று எழுதிய ஒரு சின்னத் தாள் போதும்.